லிசியே நகரின் சிறுமலர்

இவ்வாண்டு நம் மடத்தில் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர் இறைவனடி சேர்ந்தார். கோவில் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவதைத் தவிர அவர் வேறு வேலை செய்து நாங்கள் கண்டதில்லை. அடக்கத் திருப்பலிக்கு வரிசையில் நின்றபோது, சாமியார் பிரசங்கத்தில் இவரைப் பற்றி என்ன சொல்வார், சொல்லத்தான் என்ன இருக்கிறது என்று எங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டோம். சில நாட்களுக்குப்பின் நூலகத்தில் புனித குழந்தை தெரேசம்மாளின் வரலாற்றைப் படித்தோம். ஏறக்குறைய இதையே அவரைப் பற்றியும் அவருடைய மடத்துச் சகோதரி ஒருவர் சொன்னாராம்! வெட்கிப்போனோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதச் செய்தது.

தெரேசா 1873-ம் ஆண்டு சனவரி 2-ம் நாள் பிரான்சு நாட்டில் அலென்சோன் என்னும் ஊரில் பிறந்தாள். தந்தை லூயி மார்த்தேன் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, அவ்வூருக்குப் பேர்போன லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் நால்வர் சிறுவயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐந்து பெண்களில் கடைக்குட்டி தெரேசா. அவளுக்கு நாலரை வயதானபோது, 1877-ல், தாய் புற்றுநோயால் மரித்தார். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. தெரேசா தன் அக்காள் பவுலினாவையே தாயாக ஏற்றுக்கொண்டாள். 1882-ல் பவுலினாவும் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட, தாயை இரண்டாம் முறை இழந்தவள் போலானாள்.

பள்ளிக்கூடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இதைப் படித்தபோது எங்களில் சிலருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்பதை மதர் மன்னிப்பாராக! ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் நடத்திய அப்பள்ளியில் அவள் படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் அவளைவிடப் பெரிய மாணவி ஒருத்தி பொறாமையால் அவளை வாட்டினாள். மற்றவர் விளையாடுகையில் தெரேசா மரத்தடியில் செத்துக்கிடக்கும் குருவிகளை எடுத்து, ஒழுங்காக அடக்கம் செய்துகொண்டிருப்பாள்.

பதினான்கு வயதில் அவளும் கார்மேல் மடத்தில் சேர விரும்பினாள். தந்தை கண்ணீரோடு இசைந்தார். மடத்துப் பொறுப்பிலிருந்த குருவோ, வயது போதாதென்று மறுத்துவிட்டார். ஆயரும் உடனே முடிவு சொல்லவில்லை. 1887 நவம்பர் 20-ம் நாள் உரோமையில் பாப்பரசர் 13-ம் சிங்கராயரைத் திருயாத்திரைக் கூட்டத்தோடு காணச் சென்றாள். யாரும் வாய் திறக்கக் கூடாதென்பது கட்டளை. அவளோ பாப்பரசரின் முழங்காலில் கைகளை வைத்து, பதினைந்து வயதில் மடத்தில் சேர அனுமதி கேட்டேவிட்டாள்! இறுதியில் காவலர்கள் அவளைத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. ஆண்டுவிழா மேடையேறவே கால் நடுங்கும் எங்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வரும்?

1888 ஏப்ரல் 9-ம் நாள் மடத்தின் கதவு திறந்தது. அப்போது தெரேசாவுக்கு வயது பதினைந்து, எங்கள் வயதுதான். ஆயினும் இனி அவரை 'அவள்' என்றெழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஒன்பதரை ஆண்டுகளில் வெளியுலகம் அறிய அவர் எதுவும் செய்யவில்லை. உணவறையைப் பெருக்கினார். கோவில் பாத்திரங்களைத் துடைத்தார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கவனமின்றி அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்க விட்டபோது, துடைக்காமல் நின்று வேலையைத் தொடர்ந்தார். இதனிடையே அன்புத் தந்தை சித்தம் கலங்கி மருத்துவமனையில் அடைபட்டு, 1894-ல் காலமானார்.

1896-ம் ஆண்டு பெரிய வியாழன் இரவு. படுக்கையில் வாயிலிருந்து ஏதோ பொங்கி வந்தது. விளக்கை அணைத்தாயிற்று, மீண்டும் ஏற்றிப் பார்க்காமல் உறங்கினார். காலையில் பார்த்தால் கைக்குட்டை முழுவதும் இரத்தம். அது எலும்புருக்கி நோய். விண்ணகம் போகும் நாள் நெருங்கிவிட்டதென்று மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி ஒருசில நாட்களே நிலைத்தது. உயிர்ப்புத் திருநாட்களிலேயே அவர் உள்ளம் இருண்டது. தாயும் தந்தையும் உடன்பிறந்த நால்வரும் இருப்பதாக அவர் சொந்த வீட்டைப்போல் நம்பியிருந்த மோட்சம், இப்போது வெறும் கனவென்றும் சாவுக்கப்பால் ஒன்றுமே இல்லையென்றும் உள்ளுக்குள் ஒரு குரல் ஏளனம் செய்தது. புனிதர்களுக்கு மோட்சத்தை நம்புவது எளிது என்றல்லவா நாங்கள் எண்ணியிருந்தோம்! வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இறந்த இரவில் எங்களில் சிலருக்கும் இந்த ஐயம் வந்ததுண்டு. ஞானோபதேச வகுப்பில் கேட்கத்தான் பயம்.

தெரேசம்மாள் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஐயம் எழும்போதெல்லாம் அதன்மேல் கைவைப்பார். மோட்சத்தைப் பற்றி மகிழ்ச்சியான பாடல்களை எழுதிக்கொண்டேயிருந்தார். அவற்றைக் கேட்டவர்கள் அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறதென்றே நம்பினர். தாம் உணர்வதையல்ல, நம்ப விரும்புவதையே பாடுவதாக அவர் தம் ஏட்டில் எழுதிவைத்திருந்ததை அவர்கள் அறியார். இருள் கடைசிவரை விலகவில்லை.

கார்மேல் மடங்களில் ஒருவர் இறந்தால், அவர் வாழ்க்கையைச் சுருக்கி எழுதி மற்ற மடங்களுக்குச் சுற்றுமடல் அனுப்புவது வழக்கம். தெரேசம்மாள் நோய்ப்படுக்கையில் கிடந்தபோதுதான், இவரைப் பற்றி மதர் என்னதான் எழுதுவாரோ என்று அந்தச் சகோதரி வியந்தார். 1897 செப்டம்பர் 30-ம் நாள் மாலை, நீண்ட மரண வேதனைக்குப்பின், அவர் தலையை உயர்த்தி மேலே நோக்கினார். முகம் மலர்ந்தது. ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம் அப்படியே இருந்து, உயிர் பிரிந்தது. வயது இருபத்து நான்கு.

சுற்றுமடல் வர ஓராண்டு ஆயிற்று. தலைவியரின் கட்டளைப்படி அவரே எழுதியிருந்த ஏடுகள்தாம் 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என்னும் நூலாக, 1898-ல் 2,000 படிகள் அச்சாகி வந்தன. பின்னர் உலகெங்கும் அது பரவியதை யாவரும் அறிவோம். 1925-ல் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் அவரைப் புனிதையாக உயர்த்தினார். மடத்தை விட்டு வெளியே போகாத அவர் 1927-ல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார்; 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநரானார். 2015-ல் அவருடைய பெற்றோரும் புனிதர்களாயினர்.

நவம்பர் 2-ம் நாள், கல்லறைத் திருநாளன்று, எங்கள் வகுப்பு முழுவதும் அந்த வயதான சிஸ்டரின் கல்லறைக்குச் சென்றோம். சாமந்தி மாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றினோம். எந்தச் செபம் சொல்வதென்று சிறிது நேரம் தயங்கி நின்றோம். பிறகு விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொன்னோம்.