படகை மலை ஏற்றிய உப்பு வரிக்காரர்

படகு மலை ஏறுமா?

ஏறும்! பிரான்சு நாட்டின் தென் பகுதியில் பெசியே என்ற பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்தில் போன்செரான் என்னும் இடத்துக்குப் போனால், படகு மலை ஏறும் காட்சியை இன்றும் பார்க்கலாம்.

அங்கே ஒரு குன்றின் சரிவில், படிக்கட்டுப் போல, ஒன்றுக்கு மேல் ஒன்றாக 8 கல் தொட்டிகளைக் கட்டி இருக்கிறார்கள். கீழே இருந்து மேலே வரை சுமார் 70 அடி உயரம். 300 ஆண்டுகளுக்கு முன்பே கட்டியது.

மேல்நாட்டில், வீடு போன்ற பெரிய மோட்டார் வண்டிகளில் அடுப்பு, படுக்கை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றுவது வழக்கம். அப்படி வருகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கரையில் நின்று இந்த வேடிக்கையைப் பார்க்கிறார்கள்.

படகு எப்படி ஏறுகிறது? ரகசியம் ஒன்றும் இல்லை. தொட்டிக்கு முன்னும் பின்னும் பெரிய கதவுகள் உண்டு. படகு கீழ்க் கதவு வழியாக உள்ளே வரும். அந்தக் கதவைச் சாத்துவார்கள். பிறகு மேலே இருந்து தண்ணீரைத் திறந்து விடுவார்கள். தொட்டி நிறைய நிறைய, படகும் மிதந்து உயரும். மேல் தொட்டியின் மட்டத்துக்கு வந்ததும் மேல் கதவைத் திறப்பார்கள். படகு அடுத்த தொட்டிக்குள் போய்விடும். இறங்குவதும் இப்படித்தான். தண்ணீரை நிரப்புவதற்குப் பதிலாக வடிப்பார்கள். இந்த அமைப்புக்கு ஆங்கிலத்தில் "லாக்" என்று பெயர்.

இந்தத் தண்ணீர்ப் படிக்கட்டு 150 மைல் நீளக் கால்வாய் ஒன்றின் ஒரு பகுதி. அந்தக் கால்வாயை வெட்டியவர் என்ஜினீயர் அல்ல. உப்பு வரி வசூலித்தவர்! அவர் பெயர் பியர் பால் ரிக்கே.

உப்புப் பணம்

ரிக்கே 1609-ம் ஆண்டு வாக்கில் அதே பெசியே ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். வாலிப வயதிலேயே உப்பு வரி வசூலிக்கும் உத்தியோகத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பிரான்சில் உப்புக்குக் கடுமையான வரி. மன்னருக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, வரி வசூலைக் குத்தகைக்கு எடுப்பார்கள். மிஞ்சுவது குத்தகைக்காரருக்கு. ரிக்கே கெட்டிக்காரர். பெரும் பணக்காரர் ஆனார். துலூஸ் நகருக்கு அருகே போன்ரெப்போ என்ற மாளிகையை வாங்கினார்.

அது ஏழைகளின் உலையில் இருந்து வந்த பணம் என்பதை மறைப்பதற்கு இல்லை. உப்பு வரியை எதிர்த்து மக்கள் கலகம் செய்ததும் உண்டு. ஆனால் அந்தப் பணத்தை ரிக்கே என்ன செய்தார் என்பதுதான் விசேஷம்.

சுற்று வழி

பிரான்சுக்கு மேற்கே அட்லாண்டிக் மகா சமுத்திரம். தெற்கே மத்தியதரைக் கடல். ஒரு கடலில் இருந்து மற்றக் கடலுக்குச் சரக்குக் கப்பல் போக வேண்டுமானால், ஸ்பெயின் நாட்டையே சுற்றிக் கொண்டு போக வேண்டும். ஏறக்குறைய 2,000 மைல் பயணம். வழியில் கடற்கொள்ளைக்காரர் பயம் வேறு.

துலூஸ் நகரில் ஓடும் கரோன் நதி அட்லாண்டிக்கில் போய் விழுகிறது. துலூசில் இருந்து மத்தியதரைக் கடல் வரை ஒரு கால்வாய் வெட்டிவிட்டால், இரண்டு கடல்களும் சேர்ந்துவிடும். ரிக்கேக்கு முன்பே பலர் இதை யோசித்தார்கள். யோசித்து, கைவிட்டார்கள்.

காரணம், நடுவில் இருந்த மேடு! நோரூஸ் என்ற அந்த மேடு கடல் மட்டத்துக்கு மேல் 620 அடி உயரம். தொட்டிகள் கட்டிப் படகை ஏற்றிவிடலாம். ஆனால் ஒவ்வொரு படகும் ஏறி இறங்கும்போது, தொட்டி தொட்டியாகத் தண்ணீர் கீழே போய்விடும். போகிற தண்ணீருக்கு ஈடாக, மேட்டின் உச்சிக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கேள்வி இது ஒன்றுதான். படித்த நிபுணர்கள் இதில்தான் தோற்றார்கள்.

ரிக்கே வேலை நிமித்தமாக அந்த வட்டாரம் முழுவதும் குதிரையில் சுற்றியவர். வடக்கே கறுப்பு மலை என்ற மலைத் தொடர் இருக்கிறது. அங்கே வருஷம் முழுவதும் ஓடைகள் ஓடுகின்றன. அந்த ஓடைகளை எல்லாம் மலைச் சரிவிலேயே வாய்க்கால் வெட்டி மறித்து, ஒன்று சேர்த்து, நோரூசுக்குக் கொண்டு வந்தால்? ஊருக்கு ஊர் நீரூற்று அமைத்துக் கொடுக்கும் தொழிலாளி ஒருவர் அவருக்கு உதவினார். பியர் காம்மாஸ் என்பவர். மலை ஓடைகளின் போக்கு அவருக்கு அத்துபடி.

ரிக்கே தம் மாளிகைத் தோட்டத்தில் சின்னஞ்சிறு கால்வாய் ஒன்றை வெட்டினார். பொம்மை போன்ற தொட்டிகள் கட்டினார். தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தார்.

1662-ம் ஆண்டு நவம்பர் மாதம், மன்னர் 14-ம் லூயியின் நிதி மந்திரி கோல்பேருக்குத் தம் திட்டத்தை எழுதி அனுப்பினார். அப்போது ரிக்கேக்கு வயது 50-க்கு மேல். பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு இருக்க வேண்டிய வயது!

மந்திரி சுலபமாக நம்புகிறவர் அல்ல. குழு போட்டு ஆராயச் சொன்னார். சோதனை வாய்க்கால் வெட்டிக் காட்டும்படி உத்தரவு வந்தது. அதற்கான செலவை ரிக்கே தாமே ஏற்றார். 1665-ம் ஆண்டில் மலைத் தண்ணீர் நோரூஸ் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு அக்டோபரில் மன்னர் அனுமதி அளித்தார்.

12 ஆயிரம் பேர்

1667-ம் ஆண்டு வேலை தொடங்கியது. முதலில் சான் பெரியோல் என்ற இடத்தில் அணை. 100 அடிக்கு மேல் உயரம். 600 கோடி லிட்டர் தண்ணீர் கொள்ளும். கோடைக் காலத்தில் ஓடைகள் வற்றினாலும், கால்வாய் வற்றாமல் இருக்க இந்த ஏற்பாடு.

வேலை மும்முரமாக நடந்தபோது 12 ஆயிரம் பேர் வேலை செய்தார்கள். பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள். ரிக்கே நல்ல சம்பளம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பளம். மழை பெய்து வேலை நின்றாலும் சம்பளம். நோய் வந்து படுத்தாலும் சம்பளம். 17-வது நூற்றாண்டில் இது கேள்விப்படாத சங்கதி! அக்கம்பக்கத்துப் பண்ணையார்கள், கூலி ஆட்கள் கிடைக்கவில்லையே என்று முணுமுணுத்தார்கள்.

தோல்வியும் வந்தது. முதலில் கட்டிய தொட்டியின் சுவர்கள் நேராக இருந்தன. மண்ணின் பாரம் தாங்காமல் அவை சரிந்தன. ரிக்கே சளைக்கவில்லை. முட்டை வடிவில் வளைத்துக் கட்டச் சொன்னார். வளைந்த சுவரை மண் தள்ளத் தள்ள, கற்கள் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தன. இந்தக் கால்வாயில் இன்றும் தொட்டிகள் முட்டை வடிவமாக இருப்பது இதனால்தான்.

சொந்த ஊரான பெசியே அருகே வந்தபோதுதான் பெரிய சோதனை. மால்பாஸ் என்ற இடத்தில் குன்று குறுக்கிட்டது. பொலபொலவென்று உதிரும் பாறை. இனி நடக்காது என்று எதிரிகள் சந்தோஷப்பட்டார்கள். வேலையை நிறுத்தும்படி உத்தரவும் வந்தது. ரிக்கே ஆட்களை வைத்து ரகசியமாகக் குடைந்து, 8 நாட்களுக்குள் சுரங்க வழியைத் திறந்து காட்டினார் என்று சொல்வார்கள். 500 அடிக்கு மேல் நீளம் உள்ள அந்தச் சுரங்கத்துக்குள் இன்றும் படகுகள் போகின்றன.

சுரங்கத்தைத் தாண்டினால் போன்செரான் சரிவு. அங்கே 8 தொட்டிப் படிக்கட்டைக் கட்டும் வேலை மெதாய் என்ற குடும்பத்தின் அண்ணன் தம்பி இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதாம்! சரிவோ ஒரே சீராக இல்லை. ஆகவே தொட்டிகளின் அளவை இடத்துக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டி இருந்தது. மாற்றிக் கட்டினார்கள். அது நிற்கிறது.

கடன்

கால்வாய்க்குச் செலவு ஒன்றரைக் கோடி லிவருக்கு மேல். லிவர் என்பது அக்காலத்துப் பிரெஞ்சு நாணயம். மன்னர் ஒரு பங்கு கொடுத்தார். மாகாண சபை ஒரு பங்கு கொடுத்தது. அந்தப் பணம் சில சமயம் நேரத்தில் வராது. ஆனால் கூலி நேரத்தில் கொடுத்தாக வேண்டும். ரிக்கே தம் சொத்தைப் போட்டார். பெண்களின் சீதனத்துக்கு வைத்திருந்த பணத்தையும் போட்டார். கடன் வாங்கினார். கால்வாயோடு குடும்பத்தையும் மூழ்கடிக்கிறார் என்று ஊரார் பேசினார்கள். அப்படிப் பேசியதில் தவறு என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்களின் நிலையில் இருந்து பார்த்தால் அது உண்மைதான்.

மந்திரி கோல்பேருக்குக் கடைசியில் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அரசாங்கப் பணம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரிக்கேயின் உடல் நலம் கெட்டது.

1680-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி துலூஸ் நகரில் ரிக்கே இறந்தார். கால்வாயில் பாக்கி இருந்தது சில மைல்கள்தான்.

அவருடைய பிள்ளைகள் மீதி வேலையை முடித்தார்கள். 1681-ம் ஆண்டு மே மாதம் கால்வாய் திறக்கப்பட்டது. சரக்குப் படகுகள் போயின. குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. கோதுமை, ஒயின், பட்டு எல்லாம் போயின.

அமெரிக்காவின் ஜனாதிபதியாகப் பின்னாளில் வந்த தாமஸ் ஜெபர்சன், 1787-ம் ஆண்டில் இந்தக் கால்வாயில் பயணம் செய்தார். அவர் செய்த வேலை வேடிக்கையானது. தம் கோச்சு வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டியை அப்படியே படகில் ஏற்றினார். அதற்குள் உட்கார்ந்துகொண்டு கரையை வேடிக்கை பார்த்தபடி போனார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கறுப்பு மலைக்கும் போய் வந்தார்.

ரெயில் வந்த பிறகு படகு வியாபாரம் படிப்படியாகக் குறைந்தது. இப்போது உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. 1996-ம் ஆண்டில் யுனெஸ்கோ சபை இந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெசியே நகரின் நடுவில் ரிக்கேக்குச் சிலை இருக்கிறது.

அவர் வைத்துவிட்டுப் போன கடன் 20 லட்சம் லிவர். குடும்பத்தார் கால்வாயில் தங்களுக்கு இருந்த பங்குகளை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்கள். பாக்கியைக் கால்வாய் வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள். கடன் தீர்ந்து, லாபம் என்று ஒன்றை அவர்கள் கண்ணால் பார்த்தது 1724-ம் ஆண்டில். ரிக்கே இறந்து அப்போது 44 ஆண்டுகள் ஆகி இருந்தன.