கனம் ஆரோன் ஐயர்

தென்னாட்டுத் திருச்சபையின் வரலாற்றைக் கூறப்புகுவோர் தரங்கம்பாடியிலே தொடங்கிப் பெரும்பாலும் சீகன்பால்கு ஐயரோடு நின்றுவிடுவர். அப்பெரியார் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் அங்குக் கரையிறங்கியதையும், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியதையும் நம்மில் அறியாதார் இலர். ஆயின் அந்நூலைத் தமிழ்க் குடும்பங்களினிடையே கொண்டுசென்ற முதல் தமிழ்க் குருவைப் பெயரளவிலேனும் அறிந்தோர் சிலரே. அவர் நமது கடலூர்ச் சீமையிற் பிறந்தவர். பலாவும் முந்திரியும் செறிந்த காடாம்புலியூர்ப் பக்கத்தினின்று இக்கல்லூரிக்கு வந்து பயிலும் நமக்கு அவர் அண்டைவீட்டார் போன்றவர். அவர் சரிதத்தை எழுதுதல் நமக்குக் கடமையுமாம்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், கடலூரிற் சைவ வேளாளர் குடியொன்றில் ஆறுமுகம் என்னும் பெயருடன் அவர் தோன்றினார். அக்காலத்துக் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அடுத்த ஆங்கிலேயர் வாணிகத்துறை. 1717-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் ஆங்கிலேயரின் இசைவு பெற்று அவ்வூரில் தருமப்பள்ளி ஏற்படுத்தினார். மறு ஆண்டே ஆறுமுகம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆயினார். ஏறக்குறைய இருபது வயதுடைய வாலிபர். நம்மினும் ஓரிரண்டு ஆண்டே மூத்தவர். குலமும் கோயிலும் ஊரும் உறவும் ஒன்றாய்ப் பிணைந்திருந்த அக்காலத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுதல் எத்துணை பெரிய பிரிவு என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்பெயரின் பொருத்தம் வியக்கத்தக்கது. வேதாகமத்தில் மோசே தான் திக்குவாயன் என்று சொல்லித் தயங்கியபொழுது, அவனுக்கு வாயாக இருக்கும்படி அளிக்கப்பட்டவன் அவன் தமையனாகிய ஆரோன். தரங்கம்பாடி மிஷனெரிமாரும் ஒருவகையில் திக்குவாயரே. அவர்கள் தமிழை முயன்று கற்றனர், அரிய நூல்களும் இயற்றினர்; எனினும் தாய்மொழியாகப் பேசுவோன் நாவிற்குள்ள எளிமை அவர்களுக்கு எங்ஙனம் வாய்க்கும்? அவர்களுக்கும் ஓர் ஆரோன் வேண்டியிருந்தது. இன்னுமொரு செய்தி. நம் ஆரோன் இப்பெயரைப் பெற்ற நாளில் யாத்திராகமம் தமிழில் அச்சாகவில்லை. சீகன்பால்கு ஐயர் பழைய ஏற்பாட்டை ரூத்தின் சரித்திரம்வரை மொழிபெயர்த்து, 1719-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள் காலமானார். எஞ்சியதைச் சூல்ச் ஐயர் முடிக்க, 1728-இல் வேதாகமம் முழுதும் அச்சாகி நிறைவெய்தியது. ஆகவே தம் பெயருக்குரியோன் கதையைத் தமிழ் அச்சிற் காண ஆரோன் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவர் உபதேசியாராகப் பல ஆண்டு உழைத்தார். உபதேசியார் போதிக்கலாம், ஜெபிக்கலாம், நோயாளரைச் சந்திக்கலாம். திருவிருந்து பரிமாறல் ஆகாது. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். குருமாரோ அனைவரும் ஐரோப்பியர். தரங்கம்பாடியோ தஞ்சை மன்னரிடமிருந்து 1620-இல் தேனியர் பெற்ற சிறு நிலப்பகுதி. அதன் எல்லை கடந்தால் மராட்டிய மன்னர் ஆட்சி. ஆங்கு வெள்ளையர் விரும்பியவாறு நடமாடுதல் இயலாது. இதனால் உள்நாட்டுச் சிற்றூர்களில் விசுவாசிகள் பெருகப் பெருக, குருவின் கையால் ஆகவேண்டிய காரியங்களுக்கு அவர்கள் தரங்கம்பாடியையே நோக்கவேண்டியிருந்தது. மேய்ப்பன் ஒரு கரையிலும் மந்தை மறுகரையிலும் நின்ற நிலைமை எனலாம்.

இக்குறை தீரவே தமிழர் ஒருவரைக் குருவாக்கத் துணிந்தனர். 1733-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் தரங்கம்பாடியில் ஆரோனுக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. இந்தியரில் புரொட்டஸ்டாண்டுக் குருப்பட்டம் பெற்றோர் அவரே முதல்வர். மிஷன் தொடங்கி இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. தாமதம் என்பாரும் உளர். மற்றைய பல மிஷன்களின் வரலாற்றை நோக்க, விரைவென்றே நாம் கருதுகின்றோம்.

பின்னர் அவர் மாயூரத்தைச் சூழ்ந்த ஊர்களுக்குப் போதகராயினார். ஐரோப்பியர் புகவியலாத தெருக்களில் இவர் தமிழர்க்குத் தமிழராய்ச் சென்றார். ஒரு குடும்பம் தன் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தையும், தன் மகளுக்கு விவாக ஆசீர்வாதத்தையும், தன் முதியோர்க்குக் கடைசி ஜெபத்தையும் தன் மொழியே தாய்மொழியாகவுடைய குருவின் வாயினின்று பெறுவது அதுவரை இல்லாத பேறு. 1741-இல் தியோகு என்பவரும் குருப்பட்டம் பெற்று அவர் பாரத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆரோன் ஐயர் 1745-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார்.

இவ்விடத்தில் நிறுத்தினால் சரிதம் இனிதாக முடியும். ஆனால் உண்மை முழுதும் ஆகாது. வேதத்து ஆரோனுக்குப் பொற்கன்றின் கதையும் உண்டு. சனங்கள் நெருக்கியபோது அவன் அவர்கள் விருப்பத்துக்கு இணங்கிவிட்டான். நம் ஆரோன் ஐயரை அக்குறைக்கு ஆளாக்க நாம் முற்படவில்லை. சபை அங்ஙனம் இணங்கிற்று என்பதே நம் கருத்து. தஞ்சை மன்னர் படையில் இராஜநாயக்கன் என்றொருவர் இருந்தார், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகத்தைத் தாமே படித்து உள்ளம் மாறி, 1728-ஆம் ஆண்டளவில் இச்சபையைச் சார்ந்தார். படைத்தொழிலை விட்டு உபதேசியாராகித் தஞ்சைநாட்டிற் பலரைச் சபையிற் சேர்த்தார். அறிவிலும் உழைப்பிலும் குருப்பட்டத்துக்கு உரியவர் அவர் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் பிறந்தது தீண்டத்தகாதெனப் பிறரால் ஒதுக்கப்பட்ட குலம். அவர் கையால் திருவிருந்து வாங்க மேற்குலத்து விசுவாசிகள் மறுப்பர் என்று மிஷனெரிமார் அஞ்சினர். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர் அதனைப் பிட்டுத் தருபவன் குலத்தை வினவினர் என்றால், அச்சபை தன் ஆண்டவரின் பந்தியை எவ்வளவு அறிந்திருந்தது? கன்றைச் செய்தவர்கள் அதைப் பொன்னால் செய்தார்கள். இவர்களோ பிறப்பால் செய்தார்கள்.

இராஜநாயக்கன் சபையை விட்டு விலகவில்லை. ஆரோன் ஐயருக்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, தஞ்சைச் சபையைப் பேணி, 1771-இல் உபதேசியாராகவே கண்மூடினார்.