ஜியாகோமோ மத்தேயோட்டி

சர்வாதிகாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், ஒரே இரவில் ஒரு நாட்டைக் கவர்ந்துகொள்ளும் கொடியோன் ஒருவனது உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. சரித்திரமோ வேறு விதமாய்ச் சான்று பகர்கின்றது. இரண்டு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவிலெழுந்த சர்வாதிகாரங்கள் பலவற்றிற்கு வழிகாட்டியாய் அமைந்த முஸோலினியின் ஆட்சி, சட்டசபையின் வாக்கினாலும், அரசனது இணக்கத்தினாலும், கற்றோர் பலரது பொறுமையினாலும் படிப்படியாகவே வளர்ந்தது. அப்பொறுமையில் பங்கு கொள்ள மறுத்து உயிரிழந்த ஒருவரது சரிதையை ஈண்டுச் சுருக்கமாய் எடுத்துரைப்போம்.

வட இத்தாலியில் போ, ஆடிஜே என்னும் இரு நதிகளுக்கிடையே போலேசினே என்னும் தாழ்நிலப் பகுதி உளது. அங்குள்ள பிராட்டா போலேசினே என்னும் ஊரில் 1885ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் மத்தேயோட்டி பிறந்தார். குடும்பம் வணிகத்தாலும் நிலத்தாலும் செல்வமுற்றது. சுற்றிலுமிருந்த உழவுத் தொழிலாளரோ வறுமையில் உழன்றனர். இவ்வேற்றுமை இளமையிலேயே அவர் உள்ளத்தை உறுத்தியது. அவர் சமதர்மக் கட்சியைச் சார்ந்து, தம் வகுப்பாரின் பகையைத் தேடிக்கொண்டார். 1907இல் பொலோஞா சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்று, குற்றம் புரிந்தோர் மீண்டும் மீண்டும் குற்றத்தில் வீழ்வதன் காரணங்களைப் புள்ளிவிவரங்களுடன் ஆராய்ந்து 1910இல் ஒரு நூலும் வெளியிட்டார். எதனையும் கணக்கிட்டு, ஆதாரம் காட்டிப் பேசும் இப்பழக்கமே பின்னாளில் அவரது படைக்கலமாயிற்று.

முதல் மகாயுத்தத்தை எதிர்த்துப் பேசியமையால், அவர் சிசிலித் தீவிற்கு அனுப்பப்பட்டு அங்கே காவலில் வைக்கப்பட்டார். 1919இல் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே மிலான் நகரில் முஸோலினி தம் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். நிலக்கிழார் பலரின் பொருளுதவி பெற்ற கருஞ்சட்டைப் படையினர், தொழிலாளர் சங்கங்களை எரித்தும், எதிர்ப்போரை அடித்தும், விளக்கெண்ணெயைப் பலவந்தமாய்க் குடிப்பித்தும் வட இத்தாலிய கிராமங்களை அச்சத்தில் ஆழ்த்தினர். 1921 மார்ச்சில் மத்தேயோட்டியையே அவர்கள் பிடித்துச் சென்று துன்புறுத்தி விடுத்தனர். அதன்பின் தாம் பிறந்த மாகாணத்தில் தங்கவும் அவருக்கு இயலாதாயிற்று.

1922 அக்டோபரில் கருஞ்சட்டையினர் ரோமாபுரியை நோக்கித் திரண்டனர். அவர்களைத் தடுத்தற்கு மந்திரிசபை வரைந்த ராணுவச் சட்ட ஆணையில் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அரசர் கையொப்பமிட மறுத்து, முஸோலினியையே பிரதம மந்திரியாய் நியமித்தார். சபையில் பாஸிஸ்டுகள் ஏறக்குறைய 35 பேரே. ஆயினும் 306 பிரதிநிதிகள் அவருக்கு நம்பிக்கை வாக்களித்தனர். எதிர்த்தோர் 116 பேர். அதிகாரப் பொறுப்பு அவரை அடக்கிவிடும் எனப் பலர் எண்ணினர். அடுத்த ஆண்டு, நூற்றுக்கு 25 வாக்குப் பெற்று முதலில் நிற்கும் கட்சிக்குச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களை அளிக்கும் சட்டமும் நிறைவேறிற்று.

மத்தேயோட்டி இக்காலத்தில் ஐக்கிய சமதர்மக் கட்சியின் காரியதரிசியாயிருந்தார். மேடைகளில் முழங்குவதைவிடக் குறிப்பெடுப்பதிலேயே அவர் பெரிதும் ஊன்றினார். எந்த ஊரில், எந்த நாளில், யார் தாக்கப்பட்டார் என்பதைத் தொகுத்து, பாஸிஸ ஆட்சியின் ஓராண்டைப் பற்றி ஒரு நூலாக்கினார். 1924 ஏப்ரல் 6இல் நடந்த தேர்தலிலும் அடியும் மிரட்டலும் மலிந்தன. வேட்பாளர் ஒருவர் கொல்லப்பட்டார். மே 30ஆம் நாள் மத்தேயோட்டி சபையில் எழுந்து, அத்தேர்தல் செல்லாது என்பதற்குக் காரணங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்காட்டினார். கூச்சலும் வசையும் இடையறாது எழுந்தன. அவர் குரலை உயர்த்தாது, நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் தொடர்ந்தார். பேச்சு முடிந்தபின் தமது மரணச் சடங்கிற்கான உரையை ஆயத்தம் செய்யுமாறு நண்பர்களிடம் அவர் கூறினார் என்பர்.

ஜூன் 10ஆம் நாள் பிற்பகல், டைபர் நதிக்கரை வழியே சபைக்கு நடந்து சென்றவரை ஐவர் வலிந்து காரில் ஏற்றிச் சென்று குத்திக் கொன்றனர். வண்டியின் எண்ணைக் கண்டோர் குறித்திருந்தமையால் கொலையாளிகள் பாஸிஸ்டுகளென்பது விரைவில் வெளிப்பட்டது. மனைவி வேலியாவும் மூன்று குழந்தைகளும் இரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருந்தனர்; ஆகஸ்டு 16ஆம் நாளே ரியானோ என்னும் ஊருக்கருகே ஒரு காட்டில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. கொலைக்கு முஸோலினி நேரே ஆணையிட்டாரா என்பதைச் சரித்திராசிரியர் இன்னும் ஆராய்கின்றனர்.

நாடு கொதித்தது. முஸோலினியின் ஆட்சி ஆட்டங்கண்டது. ஆயின் எதிர்க்கட்சியினர் சபையை விட்டு வெளியேறி, அரசர் நீதி செய்வாரெனக் காத்திருந்தனர், அரசர் அசையவில்லை. ஜூன் 26இல் மேற்சபை 225 வாக்குகளால் முஸோலினியை ஆதரித்தது. எதிர்த்தோர் 21 பேரே. ஆதரித்தவருள் பெரும் தத்துவ ஞானியாகிய பெனடெட்டோ குரோச்சேயும் ஒருவர். மறு ஆண்டே அவர் பாஸிஸத்தை வெளிப்படையாய் எதிர்த்தாரெனினும் காலம் கடந்துவிட்டது. 1925 ஜனவரி 3ஆம் நாள் முஸோலினி, நடந்த யாவற்றிற்கும் தாமே பொறுப்பெனச் சபையில் அறிவித்தார். அவரைத் தொட எவரும் முன்வரவில்லை. 1926இல் எதிர்க்கட்சிகள் யாவும் தடை செய்யப்பட்டன; கொலையாளிகளோ சிறு தண்டனையுடன் விரைவில் விடுதலையாயினர்.

ஜெர்மனியிலும் இவ்வழியே மீண்டும் திறந்தது. 1933 ஜனவரியில் ஹிட்லர் சட்டப்படியே பிரதம மந்திரியாக்கப்பட்டார்; மார்ச்சு 23இல் 444 பிரதிநிதிகள் வாக்களித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை அவர் கையில் ஒப்புவித்தனர். எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினரே.

1945 ஏப்ரல் 28இல் முஸோலினி சுட்டுக் கொல்லப்பட்டார். 1947இல் கொலைவழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகளுட் சிலர் நீண்ட சிறைத் தண்டனை பெற்றனர். மத்தேயோட்டியின் பெயர் இன்று இத்தாலியின் பல வீதிகளுக்கு இடப்பட்டுள்ளது.

அவர் படை திரட்டியவரல்லர், அற்புதம் நிகழ்த்தியவருமல்லர். நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே குறித்து, பேசவேண்டிய இடத்தில், பேசவேண்டிய நாளில் பேசினார். அன்று அவ்வவையிலிருந்தோர் பலர் பின்னர் வருந்தினர். வருந்துதற்கு முன்னரே எழுந்து நின்றவர் என்பதனாலேயே அவரை நாம் நினைவுகூர்கின்றோம். கல்வி கற்கும் நாம், குரோச்சேயின் புலமையோடு மத்தேயோட்டியின் காலமறிந்த துணிவையும் வேண்டுவோமாக.