பத்துப் பத்து வெள்ளியில் வாங்கிய தோட்டம்

1950களில் மலாயாவின் பெரிய ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டுபோட்டு விற்கப்பட்டன. பால்வெட்டிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள் வேலையையும் லயத்தையும் இழந்து தவித்தன.

அப்போது மந்திரியாயிருந்தவர், 1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். அவர் தருமம் கேட்டுப் புறப்படவில்லை. தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்தார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. கூலியாள் பங்குதாரரானார். 1979-ல் துன் அவர்கள் காலமானார்கள், சங்கம் நிலைத்தது.

கணக்கு நேர்மையாயிருந்தால் வியாபாரமும் ஊருக்கு உதவும் என்பது கடைக்காரர்களாகிய நாம் அறிந்ததே. மலாக்கா, ஜாசின், அலோர் காஜா ஆசிரியர்கள் இச்சரித்திரத்தைக் கணக்குப் பாடத்தோடு சொல்லிக்கொடுத்து, பிள்ளைகளைக் கொண்டே ஒரு சிறு கூட்டுறவுக் கடை நடத்திப் பார்க்கட்டும்.