உண்ணிச் சுரம் ஆராய்ந்த ரிக்கெட்ஸ்

ஆடுமாடுகளின் செவிமடலிலும் கழுத்து மடிப்பிலும் பற்றிக்கொண்டு, குருதி உறிஞ்சிக் கொழுக்கும் உண்ணியை அறியாதார் நம்முள் இலர். அச்சிற்றுயிரைக் கால்நடைகட்கு உற்றதொரு தொல்லை என்றே பலரும் எண்ணி விடுவர். அது மனிதர் உயிரையும் மாய்க்க வல்லது என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியவருள் ஒருவர், பின்னர் அதனோடு உறவுடைய வேறொரு நோயை ஆராயப் புகுந்து, 39 வயதில் உயிர் துறந்தார். ஹோவர்டு டெய்லர் ரிக்கெட்ஸ் என்னும் அவ்வமெரிக்க மருத்துவ அறிஞரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றாம்.

அவர் ஒஹையோ மாகாணத்துப் பின்லே நகரில் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் பிறந்தார். 1894-இல் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1897-இல் சிக்காகோவில் மருத்துவப் படிப்பை முடித்தார். ஐரோப்பா சென்று நோய்க்கூற்றியல் பயின்று மீண்டபின், 1902 முதல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். அவர் புகழ் தொடங்கியது ஆங்கன்று, மலைசூழ்ந்த மொன்டானாவில்.

மொன்டானா மாகாணத்தின் மேற்கே பிட்டர்ரூட் என்னும் ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்றுளது. அங்கு ஆண்டுதோறும் இளவேனிற் பருவத்தில் கொடியதொரு சுரம் தோன்றும். கடுந்தலைவலியும் காய்ச்சலும் முன்வர, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் செம்புள்ளிகள் எழுந்து உடலெங்கும் பரவிக் கருகும். நோயுற்ற பெரியவர் பதின்மருள் ஏழெட்டுப் பேர் மாண்டனர். வியப்பென்னை எனின், இந்நோய் ஆற்றின் மேல்கரையில் வாழ்வாரையே பெரிதும் பற்றிற்று. கீழ்கரையார் ஏறக்குறைய அச்சமின்றி வாழ்ந்தனர். பனி உருகி வரும் நீரைப் பருகுதலே காரணம் என்று ஊரார் பலர் நம்பினர். 1902-இல் வில்சன், சௌனிங் என்னும் இருவர் உண்ணிமீது ஐயங்கொண்டனர். 1904-இல் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர் அக்கருத்தை ஏலாதென மறுத்தார். பழத்தோட்ட நிலங்களை விற்றுப் பொருளீட்ட முயன்றாரோ, நோயின் பெயர் வெளியுலகில் அடிபடுவதையே விரும்பிலர்.

இத்தகைய நிலையில், 1906-ஆம் ஆண்டு ரிக்கெட்ஸ் மிசூலா நகருக்கு வந்து சேர்ந்தார். மருத்துவமனை ஒன்றன் வளாகத்தில் அடித்த கூடாரமே அவருக்கு ஆராய்ச்சிக்கூடம். நோயாளியின் குருதியைக் கினிப்பன்றியின் உடலிற் செலுத்த, அதுவும் அந்நோயே உற்றது. பின்னர், நோயுற்ற கினிப்பன்றியின்மேல் உண்ணியொன்றை ஒட்டவிட்டு, அதனையே எடுத்து நலமுள்ள மற்றொன்றின்மேல் விட்டார்; அதுவும் நோய்ப்பட்டது. இத்துணை எளிய சோதனையே பல்லாண்டு வழக்கைத் தீர்த்தது. அரசாங்க மருத்துவராகிய கிங் என்பாரும் அதே காலத்தில் தனித்து இவ்வுண்மையைக் கண்டார் என்பதையும் கூறுதல் முறை. நோய்பற்றிய தாயுண்ணியின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் நச்சுக்கூறு செல்லும் என்பதை ரிக்கெட்ஸ் பின்னர்க் காட்டினார். ஆகவே நோயாளிகளைப் பிரித்து வைப்பதனால் மட்டும் பயனின்று.

இனிச் செய்யத்தக்கது யாது? காட்டு உண்ணி தன் இளமையில் அணிலும் எலியும் போன்ற சிறுவிலங்குகளைப் பற்றும். முதிர்ந்தபின் குதிரை, மாடு முதலிய பெருவிலங்குகளை நாடும். குருதியுண்ட பெண்ணுண்ணி நிலத்தில் உதிர்ந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குடியானவனுடைய கால்நடைகளைத் தூய்மை செய்தால் இச்சங்கிலி அறும். இக்கருத்தை மேற்கொண்டு, கால்நடைகளை ஆர்செனிக் கலந்த நீர்த்தொட்டியில் இறக்கி எடுக்கும் முறை ரிக்கெட்ஸின் காலத்திற்குப்பின் அப்பள்ளத்தாக்கிற் புகுத்தப்பட்டது. ஊரார் அதனை வரவேற்றனரோ எனின், இல்லை. 1913-இல் தொட்டியொன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது! மைந்தரை இழந்த ஊரே தன் காவலைத் தகர்த்தது எங்ஙனம் என யாம் நெடிது எண்ணினோம். மாட்டுக்குத் தீங்கு வருமென்ற அச்சமும், அரசாங்கம் தம் கொல்லைக்குள் கட்டளையிடுவதோ என்னும் சினமும் உழவர் எவர்க்கும் உள்ளனவே.

ஊரார் ஒவ்வொருவரும் தாமே செய்துகொள்ளும் காவலும் உண்டு. புதர்வழி செல்வோர் கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகுதலும், உண்ணி தெரியும்படி வெளிர்நிற ஆடை உடுத்தலும், வீடு திரும்பியதும் அக்குள், செவிப்புறம், தலைமயிர் ஆகியவற்றைத் தேடிப் பார்த்தலும் நன்று. பற்றிய உண்ணி உடனே நோய் தருவதன்று. பெரும்பாலும் சில மணி நேரமேனும் ஒட்டியிருந்தபின்பே தரும். மண்ணெண்ணெய் ஊற்றுதலும் நெருப்பாற் சுடுதலும் தவறு. மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்தல் வேண்டும்.

1909-இல் மொன்டானா அரசின் பொருளுதவி உரிய காலத்திற் கைக்கு வாராமற்போகவே, ரிக்கெட்ஸ் மெக்சிக்கோ நகரிற் பரவிய டைபஸ் சுரத்தை ஆராயச் சென்றார். இதுவும் புள்ளிச் சுரத்தை ஒத்ததன்றோ என்னும் கருத்தே அவரை ஈர்த்தது. அது சீலைப்பேனாற் பரவும் என்பதை டூனிஸில் நிக்கோல் 1909-இல் கண்டிருந்தார். ரிக்கெட்ஸும் அவர்தம் துணைவர் வைல்டரும் மெக்சிக்கோவில் அதனை உறுதி செய்தனர். பணி முடியுந் தறுவாயில் அந்நோயே அவரைப் பற்றியது. 1910-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், மனைவியும் இளஞ்சிறார் இருவரும் தனித்திருக்க, அவர் உயிர் நீங்கிற்று. டைபஸ் நோயின் கிருமிக்கு ரோச்சா லீமா என்னும் பிரேசில் அறிஞர் 1916-இல் ரிக்கெட்சியா என்று பெயரிட்டார். பிட்டர்ரூட் சுரத்தின் கிருமியோ அவர் பெயரை இருமுறை தாங்கி ரிக்கெட்சியா ரிக்கெட்சி எனப்படுகின்றது. இன்று டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் பிழைப்பார். காலந்தாழ்ப்பின் இன்றும் சாவு உண்டு.

பள்ளத்தாக்கில் வேலை நின்றுவிடவில்லை. 1924-இல் ஸ்பென்சர் என்னும் மருத்துவர், உண்ணிகளை அரைத்து ஆக்கிய தடுப்பு மருந்தை முதலில் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். 1928-இல் ஹாமில்டன் என்னும் ஊரில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று கட்டப்பட்டபோது, உண்ணிகள் தப்பி ஊருக்குள் நுழையுமென அஞ்சினோர் மனம் தேற, கட்டிடத்தைச் சுற்றிச் சிறியதோர் அகழி அமைத்தனர். அந்த ஆராய்ச்சிக்கூடத்திலேயே, வில்லி பர்க்டார்பர் என்பார் மற்றோர் உண்ணி நோயாகிய லைம் நோயின் கிருமியைக் கண்டு 1982-இல் வெளியிட்டார்.