தமிழுக்கு பேக்கப் எடுத்த தாத்தா

ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்வது நமக்கெல்லாம் லேப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருகிற சமாச்சாரம். எந்த டிரைவ் என்று பார்த்து ஓகே தட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு தட்டு எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குப் போன வருஷம்தான் புரிந்தது. புரிய வைத்தது, கம்ப்யூட்டரையே பார்த்திராத ஒரு பெரியவரின் வாழ்க்கை. அவர்தான் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்.

மயிலாப்பூரில் எங்க அப்பா பைண்டிங் வேலை பார்க்கிற கடையில் ஒரு டி.டி.பி. கம்ப்யூட்டர் உண்டு. அது அடிக்கடி நின்றுபோகவே, ஃபார்மட் பண்ணித் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். எங்க குடும்பத்தில் கம்ப்யூட்டர் படிக்கிற முதல் ஆள் நான்தான் என்பதில் அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையிலேயே நானும் சரியாகப் பார்க்காமல், சி டிரைவுக்குப் பதில் டி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டேன். அது தெரியாமல் புது ஃபைல்களையும் அதிலேயே காப்பி செய்தேன். ஓய்வு பெற்ற ஒரு தமிழய்யா தம் கட்டுரைகளையும் கவிதைகளையும் புத்தகமாகப் போட அங்கே டைப் செய்யக் கொடுத்திருந்தார். எல்லாம் போயே போச்சு. டைப் ஆனதும் கைப்பிரதியைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்களாம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்பர்களே, ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கில் குயிக் ஃபார்மட் செய்தால் எல்லாம் உடனே அழிந்துவிடுவதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்கிற அட்டவணைதான் புதிதாக எழுதப்படுகிறது. புத்தகத்தில் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரி. உள்ளே இருக்கும் பக்கங்கள், அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அப்படியே இருக்கும். ஆகவே தவறு நடந்தால் அந்த டிஸ்க்கில் ஓர் எழுத்துகூடப் புதிதாக எழுதக்கூடாது. கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்கும் சாஃப்ட்வேரை ஓட விட வேண்டும். விண்டோஸ் விஸ்டா முதற்கொண்டு முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்.எஸ்.டி. என்றால் ட்ரிம் என்கிற ஏற்பாட்டினால் குயிக் ஃபார்மட்டிலேயே பெரும்பாலும் எல்லாம் போய்விடும்.

நல்லவேளை, அது பழைய ஹார்டு டிஸ்க். பெயரில்லாமல் வெறும் நம்பர்களோடு நூற்றுக்கணக்கான ஃபைல்கள் வந்தன. திறந்தால் ஒரே கிறுக்கல்! யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட். சரியான ஃபான்ட்டை மாற்றிய பிறகுதான் தமிழ் தெரிந்தது. ஆனாலும் நான் மேலெழுதிய இடத்தில் இருந்தவை வரவேயில்லை. நடந்ததை மறைக்காமல் தமிழய்யாவிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூல்நிலையத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைச்சுவடிகள் காக்கப்படுகின்றன. அதன் பிறகுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

உ.வே.சா. பிறந்தது 1855 பிப்ரவரி 19-ந் தேதி. சொந்த ஊர் தஞ்சை ஜில்லா உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான். வீட்டில் வறுமை. பிள்ளையின் தமிழ்ப் படிப்புக்காகக் குடும்பமே ஊர் ஊராகக் குடிபெயர்ந்தது. கடைசியில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, 1876-ல் அவர் காலமாகும்வரை கூடவே இருந்து படித்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அதே வருஷம் அக்டோபர் 21-ந் தேதி, ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் ராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. ஏட்டைக்கூடப் பார்த்ததில்லை! அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

ஓலை நிரந்தரமானதல்ல. பூச்சி அரிக்கும், ஒடியும், உதிரும். அது கெடுவதற்குள் புது ஓலையில் பார்த்து எழுதிவிட வேண்டும். அந்தக் காலத்து பேக்கப் அதுதான். எழுதுவது நின்றால் நூலும் போச்சு. வாசிக்க ஆளில்லாத வீடுகளில் ஆடிப் பதினெட்டு அன்று ஏடுகளை ஆற்றில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் சுவடிகளைத் தேடிப் போனபோது, அவை ஏற்கெனவே ஹோமத் தீயில் போடப்பட்டுவிட்டன என்று தெரிந்து துடித்துப்போனார். எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாத முழு ஃபார்மட் இது!

கிடைத்த ஏடுகளும் லேசில் படிக்கிற மாதிரி இல்லை. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறில் எது நெடில் எது என்று தெரியாது. பாட்டு எங்கே, உரை எங்கே என்று பிரித்தும் இருக்காது. ஒரே நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி, வரிக்கு வரி ஒப்பிட்டார். சிந்தாமணி சமண நூல் என்பதால், கும்பகோணத்திலிருந்த சமணர்கள் வீட்டுக்கே போய் மாணவனைப்போலச் சந்தேகம் கேட்டார். கல்லூரி விடுமுறை நாட்களில் சென்னைக்கு வந்து அச்சு வேலையைப் பார்த்தார். 1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் பூக்களின் பெயர் வரும் இடத்தில் கொஞ்சம் விடுபட்டிருந்தது. அந்தச் சில சொற்களுக்காக தருமபுர மடத்தில் உதிரி ஏடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கண்டுபிடித்தார். நம்பர் மட்டும் போட்டு வந்த ஃபைல்களைத் திறந்து திறந்து பார்த்த எனக்கு அந்தச் சந்தோஷம் தெரியும்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து, 1919 வரை பணியாற்றினார். திருவல்லிக்கேணியில் தியாகராச விலாசம் என்ற வீட்டில் இருந்து பதிப்பு வேலையைத் தொடர்ந்தார். குறுந்தொகையை வெளியிட்டது 1937-ல், 82 வயதில்! யுத்த பயத்தில் சென்னையே காலியானபோது திருக்கழுக்குன்றம் போனவர், 1942 ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமானார். அடுத்த வருஷமே ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அவர் பெயரில் நூல்நிலையம் உருவானது. ஏடுகள் தப்பின. அந்தத் திருவல்லிக்கேணி வீடு தப்பவில்லை, 2012-ல் இடிக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது வேறொன்று. புறநானூற்றில் 267, 268-ம் பாட்டுகள் கிடைக்கவில்லை. பல பாட்டுகளில் வரிகள் சிதைந்திருந்தன. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. அவருடைய புலமைக்குச் சொந்தமாக நாலு வரி எழுதிச் சேர்த்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? அவர் செய்யவில்லை. இல்லாத இடத்தில் புள்ளி வைத்தார். பிரதிக்குப் பிரதி வேறுபட்டால் அடிக்குறிப்பில் காட்டினார். அதனால்தான் இருக்கிற வரிகளை நாம் நம்பிப் படிக்கிறோம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. தமிழய்யாவின் கவிதைகளில் விட்டுப்போன வரிகளை நானே இட்டு நிரப்பிவிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். உ.வே.சா.வைப் படித்த பிறகு கை வரவில்லை. அய்யா கட்டுரைகளை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு கவிதைகள் மட்டும் அவருக்கே நினைவில் இல்லை. புத்தகத்தில் அந்த இடங்களில் புள்ளிதான் இருக்கிறது. பைண்டிங் செய்தது எங்க அப்பா. புள்ளி இருக்கும் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் பார்த்துச் செய் என்று மட்டும் சொன்னார்.

நண்பர்களே! ஓகே தட்டுமுன் எந்த டிரைவ் என்று இரண்டு தடவை பாருங்கள். முக்கியமானதை வேறு இடத்தில் ஒரு காப்பி வையுங்கள். அந்தக் காப்பி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படியும் தவறு நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த தடவை மெரினா பக்கம் போனால், மாநிலக் கல்லூரி வாசலில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தத் தாத்தா சிலைக்கு ஒரு கும்பிடு போடுங்கள். நான் போட்டுவிட்டேன்!