சிவகாசியில் விழுந்த கோதுமை மணி



தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் பாடுபடுகிற நமக்கு, சனிக்கிழமை கூலி கைக்கு வந்தாத்தான் அந்த வாரம் உழைச்ச மாதிரியே தோணும். ஊழியத்தையும் அந்தக் கணக்கிலேயே பார்க்கிறோம். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க என்று கேட்கிறோம். எண்ணிக்கை குறைந்தால் முகம் வாடிவிடுகிறது. வீட்டுக்கு வந்து சாப்பாடுகூட இறங்காது. இதே சிவகாசியில் உயிர்விட்ட ஒரு தேவ மனிதனை இந்த மாதம் பார்ப்போம்.

தாமஸ் ராக்லண்டு 1815-ம் ஆண்டு ஜிப்ரால்டரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். லிவர்பூலில் ஒரு வியாபார ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, பிறகு கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனார். 1841-ல் கணிதப் பரீட்சையில் முழுப் பல்கலைக்கழகத்திலும் நான்காவதாக வந்தார். கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி அவருக்கு ஃபெலோ பதவி கொடுத்தது. மரியாதையும் சௌகரியமும் உள்ள வாழ்க்கை. உறவினர் அவரிடம் எதை எதிர்பார்த்திருப்பார்கள் என்று நாமே யூகிக்கலாம்.

1845-ல் சி.எம்.எஸ். மிஷனரியாகச் சென்னைக்குக் கப்பலேறினார். கிடைத்ததோ செயலாளர் நாற்காலி! கடிதம், வரவு செலவு, கமிட்டி. அதையும் முறுமுறுக்காமல் செய்தார். ஆனால் திருநெல்வேலிக்குப் போய்ப் பார்த்தபோது ஒரு பாரம் பிடித்துக்கொண்டது. தெற்கே சபைகள் பெருகியிருந்தன. வடக்கே, நம்ம பக்கத்தில், சுவிசேஷம் போகாத கிராமங்கள் ஏராளம். அப்போது இங்கே பட்டாசும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. அவை பிற்காலத்தில்தான் வந்தன. கரிசலும் வெயிலும்தான் இருந்தது.

நுரையீரல் பலவீனப்பட்டிருந்தும், 1854-ல் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு வாலிபரோடு வந்து கூடாரம் போட்டார். பங்களா கட்டி ஜனங்களை வரவழைக்காமல், ஊர் ஊராக இவர்களே போனார்கள். தென்பகுதி சபைகள் தங்கள் செலவில் உபதேசிமாரை மாதம் மாதம் மாற்றி அனுப்பின. காணிக்கை அனுப்புவதோடு நிற்காமல் ஆளையே அனுப்பினார்களே, அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

நாலு வருஷம் அலைந்தும் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கணக்கிலே புலியாயிருந்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அவர் அறுவடையை அளந்து சோர்ந்துபோகவில்லை. ஊழியத்தில் ஜெயம் என்பது நிலத்தில் விழுகிற கோதுமை மணியின் வழி என்றே எண்ணினார். மணி விழுந்தால் போதும், முளைப்பதை மணியே நின்று பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் பலன் வராத கிராமத்துக்கும் அவரால் மறுபடி போக முடிந்தது.

1858 அக்டோபர் 22. சிவகாசியில் இருந்தபோது திடீரென்று நுரையீரலில் இரத்தம் கசிந்து, சில நிமிஷங்களில் ஜீவன் பிரிந்தது. வயது 43. சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய சபையை அவர் கண் பார்க்கவில்லை. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியது அதற்கு அறுபது வருஷத்துக்கும் பிறகு.

ஃபென்னும் மெடோஸும் தொடர்ந்து கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.